ஆள் பார்த்து, நாள் பார்த்து

இடம் லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு மாடி வீடு. அப்பா திருச்சியில் தபால் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். மகள் மாலதிக்குப் பிரசவ விடுப்பு இன்னும் முடியவில்லை. அம்மா சமையலறையில் இருக்கிறாள். அவளுக்கு இந்த உரையாடலில் வசனம் கிடையாது, வேலைதான் உண்டு.

மாலதி: அப்பா, இங்கே பாருங்கள். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, சோண்ட்ஹைம் தியேட்டர். லே மிசராப்ல் பாட்டு நாடகம். வியாழக்கிழமை இரண்டு சீட் இருக்கிறது. போட்டுவிடட்டுமா?

அப்பா: ஜாவர் வேஷத்தில் யார்?

மாலதி: விலை எவ்வளவு என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

அப்பா: விலை அப்புறம். ஜாவர் யார், அதைச் சொல்லு.

மாலதி: யாரோ ஒருவர். 1985 அக்டோபரில் பார்பிகனில் ஆரம்பித்த நாடகம் அப்பா. தியேட்டர் மாறியிருக்கிறது, ஆள் மாறியிருக்கிறது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ ஜாவர் வந்து போயாயிற்று.

அப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன். நாற்பது வருஷமாக ஓடுவது வியாழக்கிழமையோடு நின்றுவிடப் போகிறதா என்ன? நல்ல ஆளாக வரட்டும், போகலாம்.

மாலதி: நாடகத்துக்கு அவசரமில்லை. உங்களுக்குத்தான் செப்டம்பர் 12 ஃப்ளைட்.

அப்பா: ஜாவர் என்றால் லேசுப்பட்ட வேஷமா? இதே கதையைத்தானே 1950இல் ஏழை படும் பாடு என்று எடுத்தார்கள்? நாகையா திருடனாக வருவார். துரத்துகிற இன்ஸ்பெக்டர் ஜாவராக வந்தவர் சீதாராமன். அதற்குப் பிறகு அவர் எத்தனை படத்தில் நடித்தார், எவ்வளவு எழுதினார்! சாகிறவரைக்கும் ஜாவர் சீதாராமன்தான். ஒரு வேஷம் ஒரு மனுஷனுக்கு இனிஷியலாகவே ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்ட வேஷத்துக்கு "யாரோ ஒருவர்" என்கிறாய்.

மாலதி: சரி, தேடுகிறேன். (போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள்.) இதோ படம். இவர்தான்.

அப்பா: தாடை போதாது.

மாலதி: பாட்டு நாடகம் அப்பா. தாடையா பாடுகிறது?

அப்பா: யூடியூபில் 1995 ஆல்பர்ட் ஹால் கச்சேரியைப் பார்த்திருக்கிறாயா? பத்தாவது வருஷத்துக்குப் போட்டார்களே. அதில் ஜாவர் ஃபிலிப் குவாஸ்ட். நட்சத்திரங்களைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவார் பார், நானே திருடியதுபோல உடம்பு நடுங்கிவிட்டது. கடைசியில் அந்தத் திருடன் வால்ஜான் வேஷம் போட்டவர்கள் 17 பேர் வரிசையாக வந்து, ஒவ்வொருவரும் அவரவர் நாட்டு மொழியில் ஒரு வரி பாடினார்கள். நாகையா மட்டும் இருந்திருந்தால் பதினெட்டு.

மாலதி: அதைத்தான் தினமும் இலவசமாகப் பார்க்கிறீர்களே. நான் சொல்வது உயிரோடு, எதிரில்.

அப்பா: எதிரில் பார்ப்பதற்குத்தான் ஆள் முக்கியம் என்கிறேன். எம்.ஆர். ராதா இல்லாத ரத்தக்கண்ணீரை எவனாவது பார்ப்பானா?

மாலதி: பார்த்தார்களே. அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகள் போடவில்லையா? நீங்களே தேவர் ஹாலில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

அப்பா: பார்த்தேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "என்ன இருந்தாலும் அவர் மாதிரி வருமா" என்று ராத்திரி ஒரு மணி வரை பேசினேன். அந்தப் பேச்சுக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

மாலதி: (பெருமூச்சு) இங்கே கணக்கு வேறு. நம் ஊரில் நடிகர் போனால் நாடகமும் போய்விடும். இங்கே வேஷம் நாற்காலி மாதிரி அங்கேயே இருக்கும், ஆள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், பெரும்பாலும் செப்டம்பர் அக்டோபர் வாக்கில் கூண்டோடு மாறும்.

அப்பா: (சட்டென்று) அப்படியானால் புது கோஷ்டியின் முதல் நாள்!

மாலதி: அதற்குள் நீங்கள் திருச்சியில் இருப்பீர்கள்.

அப்பா: ஃப்ளைட்டைத் தள்ளிப் போட்டால்?

மாலதி: அம்மாவைக் கேளுங்கள். (சமையலறையில் ஒரு பாத்திரம் சத்தமாக இறங்குகிறது.) கேட்டாயிற்று.

அப்பா: யோசித்துப் பார்த்தால் முதல் வாரமும் சரிப்படாது. புது மாப்பிள்ளை மாதிரி எல்லோரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். பாட்டு வரும், கை எங்கே வைப்பது என்று தெரியாது.

மாலதி: சரி, பழைய கோஷ்டியின் கடைசி வாரம்?

அப்பா: அழுது தொலைப்பார்கள். நாடகத்துக்கு அழுகிறானா, வேலை போகிறதே என்று அழுகிறானா என்று நமக்கு எப்படித் தெரியும்? தவிர, இருபது தடவை பார்த்தவன் எல்லாம் அன்றைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, பாட்டு ஆரம்பிக்கும் முன்பே கை தட்டுவான்.

மாலதி: நடுவில் ஒரு நாள். அதாவது இப்போது. அதாவது வியாழக்கிழமை.

அப்பா: நடுவில்தான் லீவு போடுவார்கள். வாரத்துக்கு எட்டு ஆட்டம் ஆடுகிறவன் வெயில் காலத்தில் ஸ்பெயினுக்குப் போகமாட்டானா?

மாலதி: அப்பா, ஒன்று சொல்லட்டுமா? 1985இல் அந்தக் காதலன் மாரியஸாக வந்தவர் மைக்கேல் பால். 2019இல் கச்சேரி மாதிரி போட்டபோது அதே மைக்கேல் பால் ஜாவராக நின்றார். நீங்கள் பொறுத்திருந்தால் இன்னும் முப்பத்துநாலு வருஷத்தில் இன்றைய மாரியஸ் உங்களுக்குப் பிடித்த ஜாவராகிவிடுவார்.

அப்பா: காதலன் போலீஸாக முப்பத்துநாலு வருஷமா?

மாலதி: நம் வீட்டில் அவ்வளவு நாள் ஆகவில்லை என்று அம்மா சொல்வாள்.

அப்பா: (கேட்காததுபோல) அந்தச் சுழல் மேடையும் இப்போது இல்லையாமே?

மாலதி: 2019இல் தியேட்டரைப் புதுப்பித்தபோது எடுத்துவிட்டார்கள். இப்போது பின்னால் திரையில் படங்கள் வருகின்றன.

அப்பா: பார்த்தாயா. ஆர்.எஸ். மனோகர் லங்கேஸ்வரனுக்கு என்னென்ன தந்திரக் காட்சி வைத்தார்! இவர்கள் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

மாலதி: விட்டுவிடுவோம். ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா நாடகத்துக்குப் போகலாம். 1986இலிருந்து அதே தியேட்டரில் நடக்கிறது. ஃபேன்டமாக வருகிறவருக்கு முகத்தில் பாதி முகமூடிதான். பாதி முகத்துக்கு ஆள் பார்த்தால் போதும்.

அப்பா: அதில் அந்தக் கதாநாயகி, கிறிஸ்டைன். அவளுக்கு வாரத்தில் சில ஆட்டத்துக்கு மட்டும் பாடவென்றே வேறொரு பெண் உண்டாம். எந்தக் கிழமை யார் என்று பஞ்சாங்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

மாலதி: இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ராத்திரி தூக்கம் வருவதில்லை. படிக்கிறேன்.

மாலதி: இங்கே தூணுக்குப் பின்னால் குறைந்த விலையில் சீட் உண்டு அப்பா. அதில் உட்கார்ந்தால் ஜாவர் யாராக இருந்தால் என்ன?

அப்பா: கிண்டல் பண்ணு. அத்தனை காசு கொடுத்துப் போய், பதில் ஆள் வந்து நின்றால்? இன்று இவருக்குப் பதில் இவர் என்று வாசலில் ஒரு சீட்டு ஒட்டிவிடுவான். டிக்கெட்டிலேயே "நடிகர்கள் மாறலாம்" என்று போட்டிருக்கும். கேட்கவும் முடியாது.

மாலதி: பதில் ஆள் என்றால் அவ்வளவு இளக்காரமா? ஹாலிவுட்டில் கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ் இருக்கிறாரே, 1980களில் இதே லண்டனில் ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட் நாடகத்தில் கோரஸில் ஆடிக்கொண்டிருந்தவர். இரண்டாவது மாற்று ஆள். ஒரு நாள் நாயகியும் வரவில்லை, முதல் மாற்றும் வரவில்லை. இவர் ஏறினார். அப்புறம் அந்த வேஷமே இவருக்கு. வேடிக்கை என்னவென்றால் அந்த நாடகத்தின் கதையும் அதேதான்: நாயகிக்குக் கால் உடைய, கோரஸ் பெண் ஏறுவாள்.

அப்பா: அது சினிமாக் கதை.

மாலதி: இன்னும் கேளுங்கள். ஸ்விங் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேடையில் தினசரி இடமே கிடையாது. கோரஸில் எவர் வராவிட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். இன்று கொடி பிடிக்கிறவன், நாளை பாதிரியார், மறுநாள் குடிகாரன். எல்லோர் பாட்டும் எல்லோர் அடவும் தலைக்குள் இருக்க வேண்டும். மத்தியானம் போன் வரும், சாயங்காலம் மேடை.

அப்பா: (நிமிர்ந்து உட்கார்கிறார்) எல்.ஆர்.!

மாலதி: என்ன?

அப்பா: லீவ் ரிசர்வ்! நான் ஒன்பது வருஷம் எல்.ஆர். குமாஸ்தா. ஸ்ரீரங்கம், லால்குடி, மணப்பாறை, எவன் லீவு போட்டாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். திங்கள் மணியார்டர், செவ்வாய் சேவிங்ஸ், புதன் ரெஜிஸ்டர் தபால். எந்த கவுண்டரில் உட்காரவைத்தாலும் எனக்குத் தெரியும். லால்குடியில் ஒரு பாட்டி, மாதாமாதம் இருபது ரூபாய் கட்ட வருவாள். என் முகத்தைப் பார்த்தாள். "வழக்கமா இருக்கிற தம்பி எங்கே?" என்றாள். லீவு என்றேன். "அவரே வரட்டும்" என்று பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். இருபது ரூபாயை வாங்கி முத்திரை குத்த எனக்குத் தெரியாதா?

மாலதி: அந்தப் பாட்டியின் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா?

அப்பா: இருக்காதா பின்னே?

மாலதி: அவளும் ஜாவர் யார் என்றுதானே கேட்டாள்?

(நீண்ட மௌனம். சமையலறையில் குழாயைக்கூட மூடிவிட்டார்கள்.)

அப்பா: மாலதி.

மாலதி: சொல்லுங்கள்.

அப்பா: எல்.ஆர். எல்லாம் எந்தக் கிழமை வருவார்கள்?

மாலதி: ஐயோ.

அப்பா: இல்லை, நிஜமாகக் கேட்கிறேன். மெயின் ஆள் வருகிற நாளில் எனக்கு டிக்கெட் வேண்டாம். அவன் ஸ்பெயினுக்கே போகட்டும். எல்.ஆர். ஆடுகிற நாளாகப் பார்த்துப் போடு.

மாலதி: அது அன்றைக்கு மத்தியானம்தான் தெரியும். சில பேர் அவர்களே இன்ஸ்டாகிராமில் போடுவார்கள்.

அப்பா: அந்த இன்ஸ்டாகிராமை எனக்குப் போட்டுக் கொடு.

(மூன்று வாரம் கழிகிறது. இதற்குள் அப்பா ஏழு ஸ்விங் நடிகர்களைப் பின்தொடர்கிறார். யார் எதைப் போட்டாலும், அது காலை உணவின் படமாகவே இருந்தாலும், கீழே "வாழ்த்துகள், தைரியமாகச் செய்யவும்" என்று தமிழில் எழுதி ஒரு கும்பிடு வைக்கிறார். அதில் ஒருவர் பதிலுக்கு இதயம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவரை அப்பா "நம்ம பையன்" என்றுதான் குறிப்பிடுகிறார்.)

அப்பா: (போனோடு ஓடி வந்து) மாலதி! இன்றைக்கு மூன்று பேர்! மூன்று எல்.ஆர். ஒரே ராத்திரியில்! நம்ம பையனும் இறங்குகிறான்!

மாலதி: அப்பாடா. இரண்டு சீட் தெரிகிறது. போட்டுவிடுகிறேன்.

அப்பா: பொறு.

மாலதி: என்ன பொறு?

அப்பா: மூன்றுதானே? கொஞ்சம் ஜுரக் காலம் வந்தால் ஒரு நாள் ஐந்து பேர்கூட வரலாம். அவசரப்பட்டுக் காசைப் போட்டுவிட்டால்...

(சமையலறைக் கதவு திறந்து மூடுகிறது. மாலதி உள்ளே போகிறாள். குசுகுசுவென்று பேச்சு. பீரோ திறக்கும் சத்தம். திரும்பி வருகிறாள்.)

மாலதி: போட்டாயிற்று அப்பா. ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும்.

அப்பா: என்னைக் கேட்காமலா? சரி, போகட்டும். எந்தச் சட்டை போட்டுக்கொள்ள?

மாலதி: வீட்டில் போடுவதே போதும். டிக்கெட் எனக்கும் அம்மாவுக்கும்.

அப்பா: அவளுக்கா? இந்த நாடகத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஜாவர் யார் என்றாவது தெரியுமா?

மாலதி: (சமையலறைப் பக்கம் காது கொடுத்து) தெரியுமாம். நாற்பத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறாளாம்.

அப்பா: அப்புறம் குழந்தை?

மாலதி: அவருக்கு நைட் டூட்டி. எட்டு மணிக்குப் பால், சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் டயபர். ஒன்பதுக்குத் தோளில் போட்டுத் தட்டினால் தூங்கிவிடுவான்.

அப்பா: எனக்கு அந்த வேலை பழக்கமே இல்லையே அம்மா.

மாலதி: எந்த கவுண்டரில் உட்காரவைத்தாலும் தெரியும் என்றீர்களே.

(அம்மா அரக்குப் பட்டில் வெளியே வருகிறாள். பேரனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறாள்.)

அப்பா: சரி, சரி. அவளிடம் சொல்லு, இடைவேளையில் ஐஸ்கிரீம் டப்பா விற்பார்கள். ஸ்பூன் மூடிக்குள்ளேயே இருக்கும். தெரியாமல் ஸ்பூன் கேட்டு வரிசையில் நிற்கப் போகிறாள்.

(கதவு சாத்தப்படுகிறது. பேரன் கதவைப் பார்க்கிறான். பிறகு தலையைத் திருப்பி, லால்குடிப் பாட்டி பார்த்த அதே பார்வையாக, அப்பாவைப் பார்க்கிறான். உதடு பிதுங்குகிறது.)

அப்பா: லீவுடா கண்ணா. இன்றைக்கு நான்தான்.