5 வினாடி 83886080 வினாடியானது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் மிப்ஸ் வகை பிராசஸர் உள்ள ஒரு போர்டுக்கான ஃபர்ம்வேரில் (சாதனத்துக்குள்ளேயே பதிக்கப்படும் நிரலில்) வேலை செய்துகொண்டிருந்தேன். இணைப்பு அறுந்தால் 5 வினாடி காத்திருந்து மீண்டும் முயல வேண்டிய நிரல், முதல்முறை அறுந்ததுமே அப்படியே நின்றுவிட்டது. டிபக்கரை மாட்டிப் பார்த்தபோது, அது உறைந்து நிற்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. காத்திருக்க வேண்டிய வினாடிகளாக அதனிடம் இருந்த எண் 83886080, அதாவது ஏறத்தாழ 970 நாட்கள். அந்த எண்ணை ஹெக்ஸில், அதாவது 16 அடிமான முறையில், எழுதிப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது: 05 00 00 00. 5 என்ற எண்ணின் நான்கு பைட்டுகளும் தலைகீழாகப் படிக்கப்பட்டிருந்தன.

அந்த எண் எந்த வழியாக வந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. மூலநிரலிலிருந்து ஃபர்ம்வேரை உருவாக்கும் எங்கள் பில்டில் ஒரு சிறிய கருவி உண்டு. அது போர்டில் ஓடுவதன்று. பில்ட் நடக்கும் எக்ஸ்86 கணினியிலேயே கம்பைல் ஆகி, அங்கேயே ஓடி, அமைப்பு அட்டவணை ஒன்றை ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாக அடுக்கும் சி மொழி வகை) நிரப்பி, அந்த ஸ்ட்ரக்டை எஃப்ரைட் என்ற சி கட்டளை மூலம் அப்படியே கோப்பில் கொட்டிவிடும். போர்டில் ஓடும் நிரல் அந்தக் கோப்பின் தொடக்கத்தில் ஒரு பாயிண்டரை (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) வைத்து, அதையே ஸ்ட்ரக்டாக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்86 லிட்டில் எண்டியன், அதாவது எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பது. எங்கள் போர்டோ பிக் எண்டியன், பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பது. அட்டவணையில் இருந்த பெயர்கள் எழுத்துப் பிசகாமல் வந்தன, ஒற்றை பைட்டில் இருந்த முயற்சி எண்ணிக்கை சரியாக வந்தது, பூஜ்யங்கள் பூஜ்யங்களாகவே இருந்தன. ஆகவே அட்டவணை ஒழுங்காக ஏறிவிட்டது என்றே நம்பி, நான்கு நாட்கள் நெட்வொர்க் டிரைவரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். வழக்கமான பில்டில் இந்தப் பிழை வெளிப்பட்டிருக்கவே முடியாது, ஏனெனில் எழுதுவதும் படிப்பதும் ஒரே கணினி. ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறு வகைக் கணினிக்கு நிரலை உருவாக்கும் கிராஸ் கம்பைலில்தான் எழுதும் கை வேறு, படிக்கும் கண் வேறு.

இதைச் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் நிரல் முழுக்க எண்டியனைச் சோதித்து, தேவையான இடத்தில் பைட்டுகளைத் திருப்ப வேண்டும் என்ற முடிவுக்கே பலரும் வருகிறார்கள். நான் அதை மறுக்கிறேன். ஓடும் கணினி எந்த எண்டியன் என்ற கேள்வியைப் பெரும்பாலான நிரல்கள் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு மாறியில் இருக்கும் 5 என்ற மதிப்புக்கு வரிசை எதுவும் கிடையாது; கூட்டினாலும் ஒப்பிட்டாலும் அது எல்லா பிராசஸரிலும் 5தான். அந்த மதிப்பு கோப்பிலோ கம்பியிலோ ஃபிளாஷிலோ பைட்டுகளாக இறங்கும் வாசலில்தான் வரிசை என்ற பேச்சே எழுகிறது. அந்த வாசலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கோப்பின் வடிவம் எந்த வரிசையை விதித்திருக்கிறது? 1980 ஏப்ரல் 1 தேதியிட்ட ஒரு குறிப்பில் டேனி கோஹன், பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தபோதே, எந்த வரிசை என்பதைவிட ஏதேனும் ஒரு வரிசைக்கு எல்லோரும் உடன்படுவதே முக்கியம் என்று வாதிட்டார்.

நடைமுறையில் இது மிக எளிது. பிக் எண்டியன் வடிவில் உள்ள நான்கு பைட்டுகளைப் படிக்க, முதல் பைட்டை 24 பிட்டும், இரண்டாவதை 16 பிட்டும், மூன்றாவதை 8 பிட்டும் இடப்பக்கம் நகர்த்தி, நான்காவதோடு சேர்த்து 'ஆர்' செய்தால் போதும். லிட்டில் எண்டியன் வடிவமென்றால் நகர்த்தும் அளவுகள் எதிர்வரிசையில் வரும். இதில் மேக்ரோவுக்கோ நிபந்தனைக் கம்பைலுக்கோ வேலையே இல்லை. எந்தக் கணினியில் ஓடினாலும் விடை ஒன்றே. வேகம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் இந்த வடிவத்தை அடையாளம் கண்டு, ஆப்டிமைஸ் செய்யும்போது ஒரே லோடாகவும், தேவைப்பட்டால் கூடவே ஒரு பைட் திருப்பும் கட்டளையாகவும் சுருக்கிவிடுகின்றன. எக்ஸ்86இல் 486 காலத்திலிருந்தே அதற்கெனத் தனிக் கட்டளை இருக்கிறது. முகவரி நான்கால் வகுபடாத இடத்தில் படித்தால் தடுமாறும் பிராசஸர்களிலும் இதே நிரல் பிசகின்றி ஓடும். ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை: சி மொழியில் 8 பிட் எண் கணக்கில் நுழையும்போது குறியுள்ள 'இன்ட்' ஆக மாறுகிறது. ஆகையால் 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட்டை 24 பிட் நகர்த்தினால் அது குறி பிட்டில் போய் விழும். நகர்த்துவதற்கு முன்பே குறியற்ற 32 பிட் வகைக்கு மாற்றிவிட வேண்டும்.

நிரலை வெவ்வேறு கணினிகளுக்கேற்பப் பில்டுக்குத் தயார்செய்யும் ஆட்டோகான்ஃப் கருவி, கிராஸ் கம்பைலின்போது எண்டியனைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இலக்குக் கணினிக்கான நிரலைப் பில்ட் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால், சரியான வரிசையில் அடுக்கப்பட்டால் மட்டும் ஒரு குறிப்பிட்ட சொல்லாகத் தெரியும்படி 16 பிட் எண்களை எழுதி, கம்பைல் மட்டும் செய்து, உருவான ஆப்ஜெக்ட் கோப்புக்குள் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுகிறது. அருமையான யோசனைதான். ஆனால் எங்கள் பிழையை இந்தச் சோதனையும் பிடித்திருக்காது. போர்டு பிக் எண்டியன் என்பது எங்கள் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாமல் இருந்தது, கோப்பின் வரிசை என்ன என்பதுதான். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

பிக் எண்டியன் காலாவதியாகிவிட்டது, இனி இதைப் பற்றிப் பேசுவது வீண் என்று சொல்பவர்களும் உண்டு. மேசையிலும் பையிலும் இருக்கும் கணினிகளைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஐபிஎம்மின் இசட் பெருங்கணினிகளில் லினக்ஸ் இன்றும் பிக் எண்டியனாகவே ஓடுகிறது. இணையத் தரவுக்கு முன்னால் வரும் ஐபி, டிசிபி தலைப்புகளும், கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குக் கொடுக்கும், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பும் பிக் எண்டியன். யுஎஸ்பி விவரக் குறிப்புகளும் பிசிஐ கட்டமைப்புப் பதிவேடுகளும் லிட்டில் எண்டியன். யூ-பூட் என்ற பூட்லோடரின் பழைய இமேஜ் தலைப்பு ஹெக்ஸில் 27051956 என்ற எண்ணோடு தொடங்குகிறது. லிட்டில் எண்டியன் ஆர்ம் போர்டில் அதை அப்படியே படித்தால் 56190527 என்று வரும். பிராசஸர்கள் ஒரே வரிசைக்கு வந்துவிட்டாலும் வடிவங்கள் வரப்போவதில்லை.

இந்த ஒழுக்கத்தை மனிதர்களின் ஞாபகத்தை நம்பி விடாமல், வகைகளிலேயே எழுதிவைத்த லினக்ஸ் கர்னலின் வழி எனக்கு மிகச் சரியாகப் படுகிறது. அங்கே வெளியிலிருந்து வரும் பிக் எண்டியன் 32 பிட் எண்ணுக்குத் தனி வகை, லிட்டில் எண்டியனுக்குத் தனி வகை, சாதாரண எண்ணுக்கு வேறு வகை. மாற்றாமல் கலந்தால் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கும். அதே கர்னலில், ஃபிளாஷ் நினைவகத்துக்கான ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமையில் அடையாள எண் ஹெக்ஸில் 1985. பக்கத்திலேயே 8519 என்ற எண்ணையும், பெயரைக்கூடத் திருப்பி எழுதி, தலைகீழ் இமேஜைக் கண்டறிவதற்கென்று வைத்திருக்கிறார்கள். இமேஜை உருவாக்கும்போது தவறான எண்டியனைக் கொடுத்துவிட்டு விழிப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய உதவி என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

சோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுதி, திரும்பப் படித்து, அதே எண் வருகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது. இரு பக்கமும் ஒரே தவறைச் செய்தால் விடை சரியாகவே வரும். எதிர்பார்க்கும் பைட்டுகளைக் கையால் எழுதி ஒப்பிட வேண்டும், அதுவும் 12 34 56 78 போல நான்கும் வெவ்வேறாக உள்ள எண்ணை வைத்து. கிராஸ் கம்பைல் செய்த அதே சோதனைகளை, வேறு பிராசஸரைப் போல நடந்துகொள்ளும் கியூஎம்யூ மென்பொருள் மூலம் ஒரு பிக் எண்டியன் சூழலிலும் ஓட்டுவதற்குத் தனிக் கணினி தேவையில்லை.

எங்கள் கருவி இப்போது பைனரி எதையும் கொட்டுவதில்லை. அட்டவணையைச் சி நிரலாகவே எழுதுகிறது. காத்திருக்கும் நேரம் அதில் 5 என்று எழுத்தாகவே நிற்கிறது. அதை நான்கு பைட்டுகளாக அடுக்கும் வேலை போர்டுக்கான கிராஸ் கம்பைலரிடம் போய்விட்டது, பாயிண்டரை வைத்து ஸ்ட்ரக்டாகப் படித்த வரியையும் நீக்கிவிட்டோம்.