ஒரு ஏக்கருக்குக் குறைந்தால் மழைநீர் அனுமதி வேண்டாமா?

அமெரிக்காவில் ஒரு ஏக்கருக்குக் குறைவான நிலத்தைத் திருத்தி வீடு கட்டினால் மழைநீர் அனுமதி (கட்டுமான இடத்து மண் மழைநீரில் கலந்து ஓடுவதைக் கட்டுப்படுத்தும் அனுமதி) தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

கூட்டாட்சி விதித் தொகுப்பான சி.எஃப்.ஆர்.-இல் (40 சி.எஃப்.ஆர். 122.26, உட்பிரிவுகள் பி-14, பி-15) ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி, என்ற வரம்பு இருக்கிறது. ஆனால் மொத்தத்தில் ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கலைக்கும் ஒரே பெரிய மனைத் திட்டத்தின் பகுதியாக இருந்தால் சிறிய மனையும் அடங்கும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்தப் பின்பாதியைத்தான் பலரும் படிப்பதில்லை. வேலை முடியாத 10 ஏக்கர் லேஅவுட்டில் கால் ஏக்கர் மனையில் மரம் வெட்டி மண்ணைச் சமன் செய்தாலும் அனுமதி வேண்டும். கணக்கில் வருவது வீட்டின் பரப்பு அல்ல, கலைக்கப்படும் மண். டிரைவ்வே (வீட்டுக்கு வண்டி வரும் பாதை), செப்டிக் டேங்க் தோண்டும் இடம், மண் குவிக்கும் இடம் எல்லாம் சேரும்.

உள்ளூர் வரம்பு இன்னும் குறையலாம். மேரிலாந்து மாநிலத்தில் 5,000 சதுர அடி தொட்டாலே மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் கேட்பார்கள்.

சரிபார்க்க, கூட்டாட்சி விதிகளை இணையத்தில் தரும் இ.சி.எஃப்.ஆர். தளத்தில் அந்தப் பிரிவை வாசியுங்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பதிவகத்தில் லேஅவுட் வரைபடத்தை எடுத்து மொத்த ஏக்கரைப் பாருங்கள். லேஅவுட் போட்டவரின் அனுமதி இன்னும் நடப்பில் உள்ளதா, உங்கள் மனை அதில் அடங்குமா என்று, புல்டோசர் வருவதற்கு முன்பே கவுண்டியின் மழைநீர்ப் பிரிவில் கேளுங்கள்.