'கிளிக்' சத்தம் கேட்டால் போல்ட் சரியாக இறுகிவிட்டதா?

"எம்20 (20 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு அட்டவணையில் உள்ள டார்க் அளவை ரெஞ்சில் வை, 'கிளிக்' என்றால் வேலை முடிந்தது." இரும்புக் கட்டுமான வேலையில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது தவறு.

டார்க் என்பது முறுக்கு; ரெஞ்சில் வைத்த அளவு முறுக்கு வந்ததும் அது 'கிளிக்' என்னும். நமக்கு வேண்டியதோ போல்ட்டுக்குள் உண்டாகும் இழுவிசை. கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதத்தை மரையிலும் நட்டின் அடியிலும் உள்ள உராய்வே தின்றுவிடும். மழையில் கிடந்து துருவேறிய நட்டைக் கையால் திருகிப் பாருங்கள், பாதி மரையிலேயே பிடித்துக்கொள்ளும். அதிலும் ரெஞ்ச் 'கிளிக்' என்னும்; ஆனால் போல்ட்டில் போதிய இழுவிசை ஏறியிருக்காது. நன்றாக எண்ணெய் பூசிய போல்ட்டையோ அதே டார்க், தேவைக்கு மேல் இழுத்துவிடலாம்.

அதனால்தான் அமெரிக்காவில் கட்டுமான இணைப்புகளுக்கு விதி வகுக்கும் ஆர்சிஎஸ்சி என்ற அமைப்பின் விதிமுறை அச்சிட்ட டார்க் அட்டவணைகளை ஏற்பதில்லை. ரெஞ்ச் முறைதான் வேண்டுமென்றால், அன்றன்று அந்த வேலைக்கு வந்த போல்ட்டுகளையே இழுவிசை அளக்கும் கருவியில் போட்டு ரெஞ்சைச் சரிபார்க்க வேண்டும். ஏ325 என்ற உயர்வலிமை ரக எம்20 போல்ட்டில் குறைந்தது 142 கிலோநியூட்டன் இழுவிசை வர வேண்டும்.

நான் நம்புவது நட்டைத் திருப்பும் முறையை. தகடுகள் ஒட்டும்வரை ஸ்பானரால் இறுக்கி, நட்டிலும் போல்ட் முனையிலும் சேர்த்து ஒரே கோடு போடுங்கள். தகட்டு முகங்கள் சாய்வின்றி போல்ட்டுக்குச் செங்குத்தாக இருந்து, போல்ட் நீளம் விட்டத்தின் 4 மடங்குக்குள் என்றால் நட்டை மேலும் மூன்றில் ஒரு சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் 8 மடங்கு வரை அரைச் சுற்று. கோடு விலகியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.