அற்றைத் திங்களும் என் அரைகுறை மதிப்புரையும்

ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு நாவலுக்கு இதே முகநூலில் மதிப்புரை எழுதினேன். நாவலின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் இப்போது சொல்லப்போவதில்லை. குற்றம் என்னுடையது, அவருக்கு எதற்கு மறுபடியும் தலைவலி?

அந்த நாவலில் ஒரு காட்சி. அப்பா இறந்து ஒரு மாதம் ஆகிறது. கடனுக்கு வீடு ஏலம் போய்விட்டது. சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, மூத்த பெண் பௌர்ணமி வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து "அற்றைத் திங்கள்..." என்று முணுமுணுக்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது.

நான் எழுதினேன்: "இழவு வீட்டில் டூயட் பாடும் கதாநாயகியை ஆசிரியர் எங்கே பிடித்தார்? சினிமாப் பாட்டைத் தூவினால் நாவல் ஆகிவிடுமா?" நூற்றுக்கு மேல் லைக் விழுந்தது. இரண்டு நாள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டவில்லை. "தம்பி, அந்த அத்தியாயத்துக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறார் என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தேன். 'எம் குன்று.' எனக்கு அப்போதும் விளங்கவில்லை. "புறநானூறு 112. ஐந்தே வரிதான், படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று வைத்துவிட்டார்.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

போன மாதத்து நிலவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையையும் யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இந்த மாதத்து நிலவில் அரசர்கள் மலையைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. பறம்பு மலையை மூவேந்தர்கள் முற்றுகையிட்டு, பாரி இறந்த பிறகு, அவனுடைய பெண்கள் பாடியது. அப்பா போய், வீடும் போய், திண்ணையில் உட்கார்ந்திருப்பவள் வேறு எதை முணுமுணுப்பாள்? நாவலாசிரியர் தலைப்பிலேயே சாவியைத் தொங்கவிட்டிருக்கிறார். நான் கதவை எட்டி உதைத்துவிட்டு, பூட்டு சரியில்லை என்று எழுதியிருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த 'அற்றைத் திங்கள்' 1997இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டில் வருவது. வைரமுத்து எழுதி ஏ.ஆர். ரகுமான் இசையமைத்தது. அதில் 'அற்றைத் திங்கள் அந்நிலவில்' என்ற தொடர் காதல் பேச்சாக மாறிவிடுகிறது. தகப்பனை இழந்த பெண்களின் கையறுநிலைப் பாட்டு, அதாவது இரங்கல் பாட்டு, ஒருவன் ஒருத்தியைப் பொய்கையில் பார்த்த நினைவாகிவிடுகிறது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பழைய வரியை எடுத்து வேறு சூட்டில் காய்ச்சுவது கவிஞர்களின் தொழில், பாட்டுக்கு நடுவில் நின்று அடிக்குறிப்புச் சொல்ல முடியாது. நாவலாசிரியருக்கும் அந்தக் கடமை இல்லை. ஆனால் அதைப் பற்றி உரைநடையில் நான்கு பத்தி எழுத உட்கார்ந்த எனக்கு இருந்தது. அரை வரி போதும், 'புறநானூற்றிலிருந்து' என்று. அந்த அரை வரிக்கான தேடலைச் செய்திருந்தால், மீதி மூன்றே முக்கால் பத்தியை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

அந்தப் பெண்களுக்கு இன்னொரு கொடுமையும் நடந்தது. புறநானூற்றில் பாடியவர் 'பாரி மகளிர்' என்று மட்டுமே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்களைப் பிற்காலத்து மரபு கொடுத்தது. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் அந்த இரண்டு பெயர்களையும் நிறத்தை வைத்துக் கேலி செய்யும் நகைச்சுவைக் காட்சிக்குப் பயன்படுத்தினார்கள். இன்று பத்துப் பேரிடம் அங்கவை சங்கவை யார் என்று கேட்டால் எத்தனை பேருக்கு முதலில் பறம்பு மலை நினைவுக்கு வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எழுதியவர் யார் என்பதைத் துடைத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை, யாராவது வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

அதே 'நறுமுகையே' பாட்டில் குறுந்தொகையின் 40ஆம் பாட்டும் கலந்திருக்கிறது. 'யாயும் ஞாயும் யாராகியரோ' என்று தொடங்கி, செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடியும் பாட்டு. கல்யாணப் பத்திரிகைகளில் நிறையப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் 'சங்க இலக்கியம்' என்ற பொதுப் பெயரோடு. அதை எழுதியவரின் இயற்பெயர் தொகுத்தவர்களுக்கே கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிட்டார்களா? அவர் எழுதிய உவமையையே அவருக்குப் பெயராக வைத்தார்கள்: செம்புலப் பெயல் நீரார். அடுத்த பாட்டின் புலவர் அணிலாடு முன்றிலார். அணில் விளையாடும் முற்றம் அவர் பாட்டில் வருகிறது. குப்பைக்கோழியார், விட்டகுதிரையார், மீனெறி தூண்டிலார் என்று இன்னும் சிலர். அச்சோ கூகுளோ இல்லாத காலத்தில், பெயர் தெரியாத ஒருவருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஓலையோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நாமோ பெயர் தெரிந்தவரின் பெயரையே வெட்டி எடுத்துவிட்டு, சூரிய உதயப் படத்தின் மேல் வரியை ஒட்டி, கீழே அப்துல் கலாம் என்று போட்டுவிடுகிறோம்.

சினிமாப் பாட்டில் இந்த அநியாயம் இன்னும் அதிகம். 'தூங்காதே தம்பி தூங்காதே' என்ற வரியை 'எம்.ஜி.ஆர். சொன்னது போல' என்று மேடையில் எடுத்துவிடுகிறவர்களை எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! 1958இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்காக அதை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். அடுத்த வருடமே இறந்துவிட்டார், 29 வயதில். அவ்வளவு குறைந்த காலத்தில் எழுதிவிட்டுப் போனவரிடமிருந்து அந்த ஒரு வரியையும் நாம் பிடுங்க வேண்டுமா? மொழிபெயர்ப்பாளர்கள் பாடு அதைவிட மோசம். காண்டேகரைத் தமிழ் எழுத்தாளர் என்றே நினைத்துப் படித்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. மராத்தியிலிருந்து அப்படிக் கொண்டுவந்து சேர்த்த கா.ஸ்ரீ.ஸ்ரீ.யின் பெயரை அவர்களில் எத்தனை பேர் சொன்னார்கள்? இன்றைக்கும் மொழிபெயர்ப்பு நூலுக்கு மதிப்புரை எழுதி, 'என்ன அழகான நடை!' என்று உருகிவிட்டு, அந்த நடை யாருடையது என்று சொல்லாமலே முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயாவைத் திரும்பக் கூப்பிட்டபோது அவர் நன்னூலை எடுத்துக்கொண்டார். பள்ளியில் அதை மனப்பாடம் செய்து வாந்தி எடுத்தவன் நான். ஒரு நூலின் பாயிரம், அதாவது முன்னுரை, என்னென்ன சொல்ல வேண்டும் என்று அந்த இலக்கண நூலை எழுதிய பவணந்தியார் எட்டு அடுக்குகிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். "இதில் இரண்டாவதாக என்ன இருக்கிறது பாருங்கள்" என்றார் ஐயா. வழி. இந்த நூல் எதன் வழியாக வந்தது, இதற்கு முன்னால் எது இருந்தது. எழுதியவர் பெயரைச் சொன்ன கையோடு அதைச் சொல்லிவிடச் சொல்கிறார். நூலின் பெயரே அதற்கு இரண்டு இடம் தள்ளித்தான் வருகிறது.

அன்றிலிருந்து எனக்கு மதிப்புரையும் மேற்கோளும் வேறு வேறு சங்கதியாகத் தெரிவதில்லை. இரண்டிலும் வழியைக் காட்ட வேண்டியிருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்ததும் வரிசையாக வரும் பதிவுகளைப் பாருங்கள். காபி டம்ளருக்குப் பக்கத்தில் புத்தகம், 'கீழே வைக்க முடியவில்லை', 'ஒவ்வொருவரும் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்'. நடுவில் பின்னட்டை வாசகம் அப்படியே தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். அரை டஜன் மேற்கோள் இருக்கும், பக்க எண் போட்டிருந்தால் எல்லாம் 40க்குள் இருக்கும். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். அந்த வித்தையை நானும் செய்திருக்கிறேன்.

பாயிரத்தை யார் யார் எழுதலாம் என்றும் நன்னூல் சொல்கிறது: தன் ஆசிரியன், தன்னோடு கற்றோன், தன் மாணாக்கன், தகுந்த உரைகாரன். இன்றைய முகநூல் மதிப்புரையாளர் பட்டியலை அன்றைக்கே போட்டுவிட்டார் மனிதர்! ஒரு வித்தியாசம்தான். அவர் சொன்னது நூலின் முகப்பில் வரும் பாயிரத்துக்கு. அங்கே நண்பர் புகழலாம், அது மரியாதை. நாம் அணிந்துரையையே மதிப்புரை என்ற பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். நண்பர் இல்லாதவர் புத்தகம் கையில் கிடைத்தால், நான் செய்தது போல, பாதி படித்ததும் அரிவாளை எடுத்துக்கொள்கிறோம்.

குறை சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த நாவலில் பின்பாதி உண்மையிலேயே தொய்வுதான். இரண்டாம் முறை முழுதாகப் படித்தபோதும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை. தங்கைப் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அப்படியே மறந்துவிட்டார். இதை எந்தெந்த அத்தியாயத்தில் என்று காட்டிச் சொன்னால் எழுதியவருக்கும் பயன், வாங்க நினைப்பவருக்கும் பயன். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, புத்தகத்திலேயே ஆகச் சிறந்த ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழைய பதிவை நீக்கவில்லை. அதன் மேலேயே தவறை ஒப்புக்கொண்டு, ஐந்து வரிகளையும் எண்ணோடு போட்டு, உரையும் எழுதினேன். நாவலாசிரியர் ஒரு கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போனார். கோபமா, மன்னிப்பா என்று இன்றுவரை தெரியாது.

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. முழு நிலா, தென்னை மரம், அந்த ஐந்து வரிகள். கீழே சாய்ந்த எழுத்தில் என் பெயர்! எந்தப் பதிவிலிருந்து எப்படிப் பயணம் செய்து வந்ததோ. பதறிப்போய் உடனே பதில் போட்டேன்: "ஐயா, இதை எழுதியது நான் இல்லை, பாரியின் பெண்கள்."

படத்தை அனுப்பியவர் ஒரு நிமிடத்தில் கேட்டார்: "அவர்கள் எந்த பிளாக் சார்?"