'ஊர் சுத்துறா' என்று சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அந்த வீடியோத் துண்டு மூன்று நாளாகக் கைக்குக் கை மாறி, கடைசியில் கனடாவில் இருக்கும் என் மச்சாள் வரைக்கும் போய்விட்டது. இரவு பதினொரு மணிக்கு அழைப்பெடுத்து, "என்னடி இது, உன்னை வைச்சு இப்பிடிச் சிரிக்கினம்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பார்க்காதவர்கள் தேடிப் பார்க்கவும் வேண்டாம். தலைமை தாங்கியவர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது சொன்னது ஒரே ஒரு வசனம். "எங்கட அக்கா நாட்டில நிக்கிறதே அருமை, எந்த நேரமும் ஊர் சுத்திக்கொண்டு திரியிறா, அத்தான்தான் பாவம்." மண்டபமே சிரித்தது. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வந்து முன்வரிசையில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். பத்து நிமிடத்துக்கு முன்னர் எனக்கு முதல் பேசிய பேராசிரியரை அதே தலைவர்தான், அதே ஒலிவாங்கியில், "பன்னிரண்டு நாடுகளுக்குச் சென்று தமிழுக்குப் பெருமை தேடித் தந்தவர்" என்று அறிமுகப்படுத்தினார். அவருக்குக் கைதட்டல். அந்தப் பேராசிரியரில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனிதர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் ஒரே மாநாட்டுக்குப் போயிருக்கிறோம். அவர் போனால் பயணம், நான் போனால் சுத்தல்.

நான் ஊர் சுத்தப் போகவில்லை. வேலைக்குப் போனேன்.

என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பெண்கள் என்ன எழுதினார்கள், எதற்காகத் தெருவில் இறங்கினார்கள், எங்கே அடி வாங்கினார்கள் என்று தேடுவது. அந்தக் கடதாசிகள் இருக்கும் இடத்துக்குத்தானே போக வேண்டும்? லண்டனில் பொருளியல் கல்லூரி நூலகத்துக்குள் பெண்கள் நூலகம் என்று ஒன்று இருக்கிறது. 1926இல் தொடங்கியது. பையைப் பூட்டி வைத்துவிட்டு, பேனையும் இல்லாமல், ஒரு பென்சிலோடு உள்ளே போய்க் குனிந்த தலை நிமிராமல் இருப்பதுதான் நான் லண்டனைச் 'சுத்தின' இலட்சணம். பத்து நாளில் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

அந்த நூலகத்தின் சேகரிப்பில் ஒரு ரயில் ரிக்கெற் இருக்கிறது. என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. 1913 ஜூன் 4ஆம் திகதி, வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன், எப்சம் குதிரைப் பந்தயத்தில் அரசனின் குதிரைக்கு முன்னால் பாய்ந்தார். நான்கு நாள் கழித்து இறந்துபோனார். அவருடைய பணப்பையில் இருந்தது அந்த ரிக்கெற். திரும்பி வருவதற்கான பாதி. சாக நினைத்துப் போனவள் திரும்பி வர ரிக்கெற் எடுப்பாளா என்று நூறு வருடத்துக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தது இதைத்தான், குறிப்பின் இரண்டாம் பக்கத்தில். சிரிப்பு அடங்கியபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலாம் பக்கத்தில் இருந்து மூன்றாம் பக்கத்துக்குத் தாவிவிட்டேன். ஒருவருக்கும் விளங்கியிராது என்று நினைத்தேன்.

"பகிடிக்குச் சொன்னதுக்கு இவ்வளவு கோபமா?" என்று இரண்டு பேர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் நான் மதிக்கிற அண்ணர். அண்ணை, பகிடிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1897இல் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதா இல்லையா என்று கேம்பிரிட்ஜில் வாக்கெடுத்தார்கள். அன்றைக்கு மாணவர்கள் சைக்கிள் ஓடுகிற ஒரு பெண்ணின் உருவபொம்மையைச் செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டுச் சிரித்தார்கள். அதுவும் பகிடிதான். பிரேரணை தோற்றுப்போனது. 1921இல் திரும்பவும் தோற்கடித்துவிட்டு, பெண்கள் படிக்கும் நியூன்ஹாம் கல்லூரிக்கு ஊர்வலமாகப் போய் அதன் வெண்கலப் படலையை உடைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948இல். 1942இல் தொடங்கிய எங்கள் இலங்கைப் பல்கலைக்கழகம் அதற்கு முன்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பட்டத்தைக் கொடுத்துவிட்டது. இதை நான் எங்கே படித்தேன்? அங்கே போய்த்தான் படித்தேன். நாங்கள் எதில் முந்தியிருந்தோம் என்பது தெரியவும் வெளியே போக வேண்டியிருக்கிறது.

அடுத்தது காசு. "ஆர்ட காசில?" என்று ஒரு பின்னூட்டம். கூப்பிட்ட பல்கலைக்கழகம் ரிக்கெற் தரும், அறை தரும். மிச்சம் என் சம்பளம். 2022இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபதுக்குப் போன நேரம், பெட்டிக்குள் அரிசிமாவும் பருப்பும் கட்டிக்கொண்டு போய் விடுதிச் சமையலறையில் காய்ச்சிக் குடித்தேன். இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கேட்டுவிட்டார்கள். அந்தப் பேராசிரியரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"இதால இங்க இருக்கிற பொம்பிளையளுக்கு என்ன பிரயோசனம்?" இந்தக் கேள்விதான் குத்தியது. குத்தியதற்குக் காரணம், இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் எழுதியதில் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் இருக்கிறது. முல்லைத்தீவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது கிடைக்காது. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனதே பிழை என்று சொல்லாதீர்கள்.

தென் கொரியாவின் சோலுக்கு ஏன் போனேன் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானிய இராணுவம் பிடித்துக்கொண்டுபோய்ச் சீரழித்த பெண்கள் வயதான காலத்தில் நீதி கேட்டு, 1992 ஜனவரி 8ஆம் திகதியில் இருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் யப்பானியத் தூதரகத்துக்கு முன்னால் கூடினார்கள். ஆயிரமாவது புதன்கிழமை, 2011 டிசம்பரில், அந்த இடத்தில் ஒரு சிறுமியின் சிலையை வைத்தார்கள். கதிரையில் இருக்கிறாள். கை இரண்டும் மடியில் பொத்தியபடி. பக்கத்தில் இன்னொரு கதிரை, வெறுமையாக. நான் போனது குளிர்காலம். யாரோ அவளுக்குக் கழுத்துத்துணி சுற்றி விட்டிருந்தார்கள். குனிந்து காலைப் பார்த்தேன். வெறுங்கால். குதிக்கால் இரண்டும் நிலத்தில் முட்டவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தும் கால் ஊன்றி நிற்க முடியாமல் போனதைத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று கூட வந்த மாணவி சொன்னாள். எனக்கு உடனே கிளிநொச்சிதான் ஞாபகம் வந்தது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த அம்மாக்கள். எத்தனையோ பேர் காத்திருந்து காத்திருந்தே செத்துப்போனார்கள். திரும்பி வந்து கிளிநொச்சிக்குப் போய் அவர்களின் போராட்டக் கொட்டிலில் அவர்களோடு இருந்து சோல் அம்மாக்களின் கதையைச் சொன்னபோது, ஒரு அம்மா கேட்டது, "அவையளுக்கும் ஒருத்தரும் பதில் சொல்லேல்லையோ?" பிரயோசனம் என்ன என்று கேட்டவருக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

அம்ஸ்டர்டாமில் 1935இல் பெண்கள் தொடங்கிய ஆவணக்காப்பகத்தை 1940இல் நாசிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவை 1992இல் மொஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்டு, 2003இல் திரும்பி வந்தன. அங்கே பெட்டிகளைத் திறந்து காட்டியபோது நான் அழுதேன். ஏன் அழுதாய் என்று அவர்கள் கேட்க, 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்களைப் பற்றிச் சொன்னேன். கொள்ளை போனது திரும்பி வரும், சாம்பல் வராது. மங்களம்மாள் மாசிலாமணி 1923இல் தொடங்கி நடத்திய 'தமிழ்மகள்' என்ற பெண்கள் இதழின் பிரதிகளைத் தேடி நான் அலைந்த அலைச்சலும் சுத்தல்தான் என்றால், சரி, சுத்தல்தான்.

"அத்தான் பாவம்" என்றதற்கு வருகிறேன். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியும். இதற்கு மேல் எங்கள் வீட்டுக்குள் யாரும் வர வேண்டாம். ஆனால் இந்தப் 'பாவம்' வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2013இல், வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போகும் பெண் குடும்பப் பின்னணி அறிக்கை கொடுக்க வேண்டும் என்று இந்த நாட்டில் விதி வைத்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் போகவே முடியாது என்றார்கள். வெளிநாடு போகிற அப்பாவிடம் யாராவது பிள்ளையின் வயதைக் கேட்டார்களா?

ஒருமுறை கட்டுநாயக்காவில் இருந்து விடியப்புறம் வெளிக்கிட்ட விமானத்தில் எனக்குப் பக்கத்தில் வாழைச்சேனைப் பெண் ஒருத்தி. முதல் பயணம். இருக்கைப் பட்டியை நான்தான் போட்டுவிட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்க எந்த ஊட்டுக்குப் போறீங்க?" என்று கேட்டாள். எந்த வீட்டில் வேலைக்கு என்று. நான் படிக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தூரத்தில ஒரு இடம்" என்றேன். சாப்பாட்டுத் தட்டில் வந்த சின்ன ஜாம் பக்கெற்றை எடுத்து, "இத மகனுக்கு வெப்பம்" என்று கைப்பைக்குள் போட்டாள். பிறகு மகன் எந்தப் பக்கம், தான் எந்தப் பக்கம் என்று நினைவு வந்திருக்க வேண்டும். திரும்ப எடுத்துத் தட்டிலேயே வைத்துவிட்டாள். எதுவும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளையும் ஊரில் யாரோ 'நாடு நாடாத் திரியிறா' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஊர் சுத்தவில்லை, ஊர் சுத்தவில்லை என்று இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டு வந்தேன். இப்போது எனக்கு என்னிலேயே கோபம் வருகிறது. ஏன் இப்படி நின்று கணக்குக் காட்டுகிறேன்? சுத்தினால்தான் என்ன?

ஆம், சுத்தினேன். அம்ஸ்டர்டாமில் ஒரு பின்னேரம் கால்வாய்க் கரையோரமாக, ஒரு வேலையும் இல்லாமல், இரண்டு மணித்தியாலம் நடந்தேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு அது என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? எனக்கு வெள்ளவத்தை என்றால் அடையாள அட்டை. பொலிஸ் பதிவு. காலி வீதிச் சோதனைச் சாவடியில் "எங்க இருந்து வாறாய், எங்க போறாய், ஏன் போறாய்". 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜுகளில் இருந்த எங்கள் சனத்தை, முந்நூற்றெழுபத்தாறு பேரை, பஸ்ஸில் ஏற்றி ஊருக்குத் துரத்தினார்கள். அன்றைக்கு நான் எந்தக் கடையில் நின்றேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அதே மூன்று கேள்வியை வாடகை வீட்டுக்காரர் கேட்டார், மாமிமார் கேட்டார்கள், விசா நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார், "திரும்பி வருவாய் என்று என்ன நிச்சயம்?" என்று கூடுதலாக ஒன்றும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனத்தின் மேடையில், எங்கள் மொழியில், எங்கள் சகோதரர் ஒருவர் அதையே கேட்டார். அதனால்தான் கை நடுங்கியது அண்ணை. பகிடி விளங்காமல் இல்லை.

திரும்பி வந்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தேன். நின்றிருக்கலாம், நின்றவர்களை நான் குறை சொல்லவில்லை. ரஜனி திராணகம இங்கிலாந்தில் படித்துவிட்டு, சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்து வைத்திய மாணவர்களுக்குப் படிப்பித்தார். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்தில் இருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு என்னை ஒப்பிட எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஆனால் திரும்பி வருகிற பெண்ணைப் பார்த்து 'நாட்டில நிக்கிறதே அருமை' என்று சொல்ல முதல் அந்தச் சைக்கிளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு செய்தி வந்தது. வாழ்த்துப் பாடிய பிள்ளைகளில் ஒருத்தி, ஏ எல் முடித்துவிட்டு இருப்பவள். "மிஸ், நானும் சிரிச்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் ரெண்டாம் பக்கத்தை வாசிக்காமல் விட்டதைக் கண்டனான். அதில என்ன இருந்தது?"

பக்கத்தைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டேன். என் கையெழுத்து நல்லாயிராது. வேறு யாருக்கும் வேண்டும் என்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.