மூச்சுப் பயிற்சி போதும், ஆள் கொடுங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் பேசுகிறவர் சொல்கிறார், நர்ஸ்களுக்கு மன உறுதி போதவில்லையாம், அதனால்தான் ஐசியூவை விட்டுப் போகிறார்களாம். தினமும் பத்து நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்தால் சரியாகிவிடுமாம். இதற்குக் கைதட்டல் வேறு. எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

எங்களுக்கு மன உறுதி குறையவில்லை. ஷிப்டில் ஆள் குறைகிறது.

பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் உள்ளுக்குள் தீர்ந்து சோர்ந்துபோவதை, உலக சுகாதார நிறுவனம் நோய் என்று வகைப்படுத்தவில்லை. 2019-இல் ஏற்கப்பட்ட ஐசிடி-11 என்ற அதன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில், வேலை இடத்தில் நாள்பட்டுத் தொடர்ந்து, சரியாகக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்றுதான் இருக்கிறது. வேலை இடம் என்றுதான் சொல்கிறார்கள், நர்ஸின் மனசு என்று சொல்லவில்லை.

நர்ஸ் பணியை ஆராயும் அமெரிக்கர் லிண்டா ஐக்கென் குழுவின் ஆய்வு 2002-இல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்கள். ஒரு நர்ஸிடம் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை முடிந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது, நர்ஸ் பர்ன்அவுட் ஆகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அது மருத்துவமனை முழுக்க எடுத்த கணக்குதானே, ஐசியூவுக்கு மட்டும் இல்லையே என்பீர்கள். சரி. பொதுவாகவே இப்படி என்றால், நிமிடத்துக்கு நிமிடம் பிரஷர் மாறுகிற இடத்தில் எப்படி இருக்கும்?

ஒரு ராத்திரி சொல்கிறேன். இரண்டு பேரைப் பார்க்க வேண்டிய நான் மூன்று பேரைப் பார்த்தேன். நான்காம் படுக்கையில் வென்டிலேட்டரில் இருந்த அம்மா, பேச முடியாததால் காகிதத்தில் 'தண்ணி' என்று எழுதிக் காட்டினார். தொண்டையில் குழாய் இருக்கும்போது குடிக்கத் தர முடியாது, ஈரப் பஞ்சால் உதட்டையாவது துடைக்கலாம். "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். அதற்குள் ஆறாம் படுக்கையில் நார்அட்ரினலின், அதாவது பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து, அதன் சிரிஞ்சு தீரப்போகிறது என்று பம்ப் கத்தியது. அதை மாற்றுவதில் கொஞ்சம் தாமதித்தாலும் பிரஷர் விழுந்துவிடும். மாற்றி முடித்தால் அடுத்தவருக்குச் சளி அடைத்துவிட்டது, சக்ஷன் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். நான் திரும்பி வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த அம்மா அதே காகிதத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த நாற்பது நிமிடத்தில் நான் எந்த மூச்சை எப்போது இழுத்து விட்டிருக்க வேண்டும்?

"எல்லா வேலையிலும் டென்ஷன் இருக்கு" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. "சேவைன்னு தெரிஞ்சுதானே வந்தீங்க?" என்றால், ஆமாம், தெரிந்துதான் வந்தோம். சேவை செய்ய விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஆள் போடப் பணம் எங்கே என்பது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுபவமுள்ள நர்ஸ் போனபின் புதியவரை எடுத்து, மாதக்கணக்கில் பழக்குவதற்கும் பணம்தானே ஆகிறது? கலிஃபோர்னியாவில் ஐசியூ நர்ஸ் ஒருவருக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அங்கே மருத்துவமனைகள் நடக்கத்தானே செய்கின்றன?

அமெரிக்கத் தீவிர சிகிச்சை நர்ஸ்கள் சங்கம் 2005-லேயே ஆரோக்கியமான பணிச்சூழலுக்கு ஆறு தரங்களை வகுத்தது. தெளிவான பேச்சு, உண்மையான கூட்டுழைப்பு, முடிவெடுப்பதில் நர்ஸுக்கும் இடம், போதிய ஆள், மனப்பூர்வமான பாராட்டு, நேர்மையான தலைமை. எனக்கு இதில் ஆள் கணக்குக்கு அடுத்து உறுத்துவது அந்த மூன்றாவதுதான். "யூரின் குறையுது சார், ஆள் சரியில்லை" என்று ஒரு ராத்திரியில் மூன்று முறை டாக்டருக்குப் போன் செய்தேன். காலை ரவுண்ட்ஸில் எல்லோரும் சேர்ந்து பதறினார்கள். நான் சொன்னதை ஒருவரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. ஆள் போட்டால் மட்டும் இந்தக் காயம் ஆறிவிடுமா என்றும் தெரியவில்லை.

போன மாதம் வேலையை விட்டுப் போனவளைப் பற்றித்தான் அந்த வீடியோவில் பேசுகிறார் என்று உங்களுக்கும் தெரியும். உறுதி இல்லாதவளாம். இறந்தவர் உடம்பைத் துடைக்கும்போது, தண்ணீர் சூடாக இருக்கிறதா என்று தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பாள். "அவருக்குத் தெரியாதேம்மா" என்றேன் ஒருநாள். "எனக்குத் தெரியுமே அக்கா" என்றாள்.

அவளுடைய படுக்கைகள் இப்போது வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரமான ஒரு பெண்ணிடம் இருக்கின்றன. மூன்று படுக்கை. இன்று ராத்திரி அவளோடு எனக்கும் ட்யூட்டி, கிளம்புகிறேன்.