கச்சான் அடிக்கேக்க மலைக்கு வேன் பிடிக்கிறவர்களுக்கு

ஓகஸ்ட் லீவு விட்டால் போதும், திருகோணமலையில் ஒழுங்கைக்கு ஒரு ஹயர் வேன் நுவரெலியாவுக்குக் கிளம்புது. இங்கே 35 பாகை வெயில், கச்சான் முகத்தைச் சுடுது, குளிரான இடத்துக்குப் போக ஆசை. ஆசை நியாயம்தான். ஆனால் இந்தக் கச்சான் எங்கேயிருந்து வருது என்று யாராவது யோசிக்கிறீங்களா? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறி, ஈரத்தையெல்லாம் அங்கே கொட்டிவிட்டு, நம்ம பக்கம் இறங்கேக்க காய்ந்து சூடாகி வருது. அதுதான் கச்சான். இங்கே அது பலமாக அடிக்கிற காலம்தான் அங்கே மழைக்கும் காற்றுக்கும் காலம். மே தொடங்கி செப்டெம்பர் வரை இதே கதைதான்.

மலைக்குப் போக நல்ல காலம் பெப்ரவரி, மார்ச். ஏப்ரலிலும் காலை வேளை தெளிவாக இருக்கும், பின்னேரம்தான் இடிமழை. பள்ளிக்கூடம் விடுவது ஓகஸ்டில்தான், வேறு வழியில்லை என்பீங்க. சரி, போங்க. ஆனால் மழைக்குப் போகிறோம் என்று தெரிந்து போங்க! ஜீன்ஸும் செருப்புமாகப் போய் நனைந்து, பிள்ளைகளுக்குத் தடிமன் பிடித்து, வேனுக்குள்ளேயே குந்தியிருந்துவிட்டு வந்து "மலை சரியில்லை" என்று சொல்லாதீங்க. கேட்கவே பற்றிக்கொண்டு வருது.

ஜீன்ஸ் தண்ணியை உறிஞ்சினால் விடாது. அந்த மூடுபனியில் இரண்டு நாளானாலும் காயாது. பொலியஸ்டர் ட்ராக் போட்டம் போதும், உதறினாலே பாதி ஈரம் போய்விடும். கடையில் விற்கிற மெல்லிய பொலித்தீன் கோட்டு மாத்தளைப் பக்க றிவர்ஸ்டன் மலைக் காற்றில் கிழிந்து தொங்கும், குடை மடங்கிப் போகும். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கின கோட்டும் காற்சட்டையும் சேர்ந்த செட் எத்தனையோ வீட்டில் சும்மா கிடக்குது, அதைக் கொண்டுபோனால் என்ன? ஆளுக்கு இரண்டு செட் உடுப்பு வேணும். நடக்கிற செட் நனையட்டும். மற்றதை நடைக்குப் போடவே கூடாது, திரும்பி வந்து மாற்றத்தான் அது. நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் என்றால் காற்சட்டையை நீளமான சொக்ஸுக்குள் விட்டு, சொக்ஸில் சவர்க்காரம் பூசுங்க, அட்டை ஏறுவது குறையும்.

வேன் கூரைக் கரியரில் பைகளை அடுக்கி, மேலே மட்டும் படங்கை விரித்துக் கட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வருது. வேன் ஓடேக்க காற்று முன்பக்கத்தால் புகுந்து படங்கைத் தூக்கும், மழை அடியால் போய்த் தேங்கும். முதலில் படங்கை விரியுங்க, அதன்மேல் பையை அடுக்குங்க, பிறகு நாலு பக்கமும் மேலே மடியுங்க. முன்பக்க மடிப்பைக் கடைசியாக, மற்ற மடிப்புகளுக்கு மேலே போட்டால் காற்று அதுக்குள்ளே போகாது. கயிறு குறுக்குமறுக்காக வரவேணும். காய்ந்த உடுப்பும் போர்வையும் எந்தக் காரணத்துக்கும் கரியரில் ஏறக்கூடாது.

குளிருது என்று ஏசியை நிறுத்தச் சொல்லாதீங்க. ஈர உடுப்போடு பதினைந்து பேர் மூச்சு விட்டால் கண்ணாடி ஐந்து நிமிசத்தில் பூத்துப்போகும். ஏசிதான் உள்ளே இருக்கிற ஈரத்தை இழுக்கிறது. ஏசியையும் ஹீற்றரையும் சேர்த்துப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பினால் குளிரவும் மாட்டாது, றோட்டும் தெரியும். அதைவிட்டு ட்றைவர் ஒரு கையால் துணியைப் பிடித்துத் துடைத்துத் துடைத்து, நுவரெலியா போற வழியில் இருக்கிற றம்பொடை வளைவுகளை எடுக்க வேணுமா? இறங்கேக்க ஏறின கியரிலேயே இறங்கவேணும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஒயில் கொதித்து, மிதி அடிவரை போகும், வேன் நிற்காது. கருகின மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, ஆறும்வரை நில்லுங்க. சில்லுக்குத் தண்ணி ஊற்றவேண்டாம், சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும்.

ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே. ஆயிரம் மீற்றருக்கு 6 பாகை குறையும், கணக்குப் பாருங்க. அங்கே உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ள விளிம்புக்குப் போய்த் திரும்ப 9 கிலோமீற்றர் சுற்று. ஒன்பது, பத்து மணிக்கே மூடுபனி ஏறிவிடும், பிறகு வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். சோற்றுப் பார்சலை பொலித்தீனில் சுற்றாதீங்க, வாசலிலேயே பிரித்து எடுத்துவிடுவார்கள். மூடிபோட்ட டப்பா கொண்டுபோங்க. நனைந்த பிள்ளை நடுங்கி, பேச்சுக் குழறினால் அது வெறும் குளிர் இல்லை, உடல்வெப்பம் இறங்குது. ஈர உடுப்பை உடனே கழற்றி, காய்ந்ததைப் போட்டு, தலையை மூடி, இனிப்பாகத் தேத்தண்ணி குடுத்து, வைத்தியரிடம் கொண்டுபோங்க. பெரியவர்கள் குளிருக்கு என்று சாராயம் எடுப்பதும் இதே ஆபத்துத்தான். அது தோலுக்கு இரத்தத்தை இழுத்து, இருக்கிற சூட்டையும் வெளியே விடும்.

எல்லாத்தையும்விட வயிறு எரியிற விசயம் ஒன்று. திருகோணமலையிலிருந்து நுவரெலியாவுக்குக் கிட்டத்தட்ட 255 கிலோமீற்றர். இரவு முழுக்க வேன் ஓடின மனிசனை விடிய மழைக்குள்ளே மலைச்சுற்று ஓடச் சொல்லி, அன்றிரவு நனைந்த சீற்றிலேயே படுக்கவிடுறீங்க. நீங்கள் அறைக்குள் இரண்டு போர்வையோடு. அடுத்த நாள் அவர் கண்ணயர்ந்தால் பள்ளத்துக்குப் போவது உங்கட பிள்ளைகளும்தான். அறை எடுக்கேக்க அவருக்கும் ஒரு கட்டில் எடுங்க. அதுக்குக் காசு காணாது என்றால் ட்றிப்பில் ஒரு நாளைக் குறையுங்க.